அரியலூர்க் கல்லில் சுருள் இருக்கிறது, கானாடுகாத்தான் பளிங்கில் ஏன் இல்லை? புதைபடிவக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

காரைக்குடி ஆசிரியை:

சென்ற மாதம் மேல்நிலை வகுப்பு மாணவர்களை அரியலூருக்கு அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். கிடாக்கொம்பைப் போலச் சுருண்ட, அம்மோனைட்டு என்ற அழிந்துபோன கடல் உயிரின் ஓடுகளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து தரையையே பார்த்து நடக்கும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் கானாடுகாத்தானில் உறவினர் வீட்டுச் சாந்திக்குப் போயிருந்தபோது, முகப்புப் பளிங்குத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு மாணவி சுருளைத் தேடிக்கொண்டிருந்தாள். பூரான் ஏதும் ஊர்கிறதோ என்று அவளுடைய அப்பத்தா பதறிக்கொண்டு ஓடி வந்தார். பளிங்கும் சுண்ணாம்புக்கல்தானே, அரியலூர்க் கல்லும் சுண்ணாம்புக்கல்தானே, அங்கே இருப்பது இங்கே ஏன் இல்லை என்பது அவளுடைய கேள்வி.

என்னுடைய கேள்வி வேறு. கடல்வாழ் விலங்குக் குடும்பங்களின் எண்ணிக்கை 50 கோடி ஆண்டுகளில் எப்படி மாறியது என்று காட்டும் கோடு ஒன்று பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஜாக் செப்கோஸ்கி என்ற தொல்லுயிரியலாளர் நூலகம் நூலகமாகத் தேடித் தொகுத்த பட்டியலிலிருந்து வரையப்பட்டது அது. அவரும் டேவிட் ராப்பும் 1982ஆம் ஆண்டில் அதில் ஐந்து பெரும் சரிவுகளை அடையாளம் காட்டினார்கள். கோட்டின் கடைசிப் பகுதி மலையேறுவதைப் போல மேலே போகிறது. அது கடலின் வரலாறா, கல் உடைத்தவர்களின் வரலாறா என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சுரங்க நிலவியலாளர் (ஓய்வு), தேவகோட்டை:

மாணவியின் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குள்ளேயே டீச்சரின் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது. நம் பக்கத்து வீடுகளுக்குக் கப்பலில் வந்து இறங்கிய இத்தாலியப் பளிங்கில் பெயர்பெற்றது கர்ராராப் பளிங்கு. அதுவும் ஒரு காலத்தில் ஓடுகள் நிறைந்த கடலடிச் சுண்ணாம்புக்கல்லாகவே இருந்தது. பிற்பாடு மலைகள் எழுந்தபோது ஏற்பட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் அதன் சுண்ணாம்புத் துகள்கள் புதிய படிகங்களாக வளர்ந்துவிட்டன. ஓட்டின் வரி, அறை, சுருள் எல்லாம் அந்தப் படிகங்களுக்குள் கரைந்து போயின. அந்தத் தரை எழுதப்படாத ஏடு அன்று, எழுதி அழிக்கப்பட்ட ஏடு.

ஒரு வளவு வீட்டைச் சுற்றி வந்தாலே பதிவு எப்படி அமைகிறது என்பது புரிந்துவிடும். கருங்கல் தூண் உருகிய குழம்பு உறைந்தது, அதில் உயிர்த்தடயம் இருக்க வழியில்லை. அடித்தளத்துச் செம்புராங்கல் பாறை மக்கி உருவானது. முன்பு இருந்தவையும் அந்த மக்கலில் போயிருக்கும். அடுப்படி மேடையில் பதித்த கடப்பாக்கல் படிவுப்பாறைதான், ஆனால் ஓடுடைய விலங்குகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தது. அதே கடப்பைப் பகுதியில் அதைவிட மிகப் பழைய வேம்பள்ளிப் பாறைகளில், ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகளுக்கு முன் நுண்ணுயிர்ப் பாய்கள் அடுக்கடுக்காகக் கட்டிய மேடுகள் உண்டு. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல வளையம் வளையமாகத் தெரியும். ஆக, பொருத்தமான பாறை வேண்டும், அது பொருத்தமான காலத்ததாக இருக்க வேண்டும், பிறகு சுடப்படாமலும் மக்காமலும் அரிக்கப்படாமலும் தப்ப வேண்டும். இத்தனைக்கும் பிறகும் கல்லில் பெரும்பாலும் தங்குவது ஓடும் எலும்பும் பல்லும் மரக்கட்டையுந்தான். சொறிமீனும் புழுவும் பதிவாவது அரிது. கனடாவின் பர்ஜெஸ், சீனாவின் செங்ஜியாங் போன்ற ஒரு சில இடங்களில் மென்மையான உடல்களும் படிந்திருப்பதால்தான், 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் ஓடில்லாத உயிர்கள் எவ்வளவு இருந்தன என்பதே நமக்குத் தெரிய வந்தது.

பழம்பொருள் கடைக்காரர், காரைக்குடி:

எனக்குக் கல்லூரிப் படிப்பு இல்லை. ஆனால் ஐயா சொல்வது முனீஸ்வரன் கோவில் தெருவில் கடை வைத்திருக்கும் எவருக்கும் எளிதில் புரியும். இடிக்கும் வீட்டிலிருந்து எங்களிடம் வந்து சேர்வது பித்தளை, இனாமல் பாத்திரம், மங்கு ஜாடி, தேக்கு நிலை, பெல்ஜியம் கண்ணாடி. ஓலைப்பெட்டி அரிதாக வரும், புடவை அதைவிட அரிது, பலகாரம் வரவே வராது. என் கடையை மட்டும் பார்த்து ஒருவர் செட்டிநாட்டு வாழ்க்கையை எழுதினால், இங்கே இருந்தவர்கள் பாத்திரத்தைத் தின்று வாழ்ந்தார்கள் என்றுதான் எழுதுவார்.

இன்னொன்றும் உண்டு. எந்த ஊரில் வீடுகள் அதிகமாக இடிபடுகின்றனவோ அந்த ஊர்ப் பொருள்தான் கடையில் வகை வகையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்த ஊரில்தான் வகைகள் அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் முடிவு கட்டிக்கொள்கிறார்கள். நாங்களும் மறுப்பதில்லை, வியாபாரம்.

பள்ளத்தூர் வாசகர்:

நீங்கள் இருவரும் சேர்ந்து என் வேலையை எளிதாக்கிவிட்டீர்கள். பாதிக் கல் அழிந்துவிட்டது, மீதியில் மென்மையான உயிர்கள் இல்லை, அதிலும் தோண்டிய இடத்தில் மட்டுமே கிடைக்கிறது என்றால், அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு 50 கோடி ஆண்டு வரலாறு பேசுவது எப்படி? ஐந்து பேரழிவு என்பதும் ஐந்து இடத்தில் ஏடு கிழிந்திருக்கிறது என்பதாக ஏன் இருக்கக் கூடாது? பரிணாமத்தை நான் மறுக்கவில்லை. சான்றின் தரத்தைத்தான் கேட்கிறேன்.

சுரங்க நிலவியலாளர் (ஓய்வு), தேவகோட்டை:

பள்ளத்தூர் அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. இதை முதலில் கேட்டவர்களும் இத்துறையினர்தாம். 1970களிலேயே இந்த ஐயத்தை எண்ணிக்கைகளோடு எழுப்பியவர் மேலே சொன்ன அதே ராப். பதிவு குறையுடையது என்பது ஒன்று, குறை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று அறிய முடியாதது என்பது வேறொன்று. சாய்வு தெரிந்துவிட்டால் தராசைத் திருத்திக்கொள்ளலாம்.

கடைக்காரத் தம்பியின் கடையையே எடுத்துக்கொள்வோம். 1930ஆம் ஆண்டு இட்லிக் கொப்பரை ஒன்று அவரிடம் இருக்கிறது. இன்றும் எல்லார் வீட்டிலும் கொப்பரை இருக்கிறது. இடையில் 1970ஆம் ஆண்டுக் கொப்பரை ஒன்றுகூடக் கடைக்கு வராவிட்டாலும், அப்போதும் கொப்பரை இருந்தது என்று தயங்காமல் எழுதிக்கொள்வோம். வழக்கொழிந்துபோன ஒரு விளக்கு வகைக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த ஆண்டில் அது கடைசியாகக் கிடைத்ததோ அதோடு அதன் கணக்கு முடிந்துவிடும். இன்று உயிரோடிருக்கும் இனங்களை நாம் முழுமையாக அறிந்திருப்பதால், நமக்கு அருகிலுள்ள காலங்களின் எண்ணிக்கை இப்படித் தானாகவே உயர்ந்து தெரியும். கோட்டின் கடைசி ஏற்றத்தில் இதன் பங்கு எவ்வளவு என்று வெகுகாலம் வாதிட்டார்கள். 2003ஆம் ஆண்டில் டேவிட் ஜப்லான்ஸ்கியும் உடன் உழைத்தவர்களும் மட்டி, சிப்பி வகை ஈரோட்டு உயிர்களை எடுத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். புதைபடிவம் உள்ள, இன்றும் வாழும் 958 பேரினங்களிலும் துணைப் பேரினங்களிலும் 906 கடந்த 53 லட்சம் ஆண்டுகளின் பாறைகளிலேயே கிடைக்கின்றன. அதாவது 100க்கு ஏறத்தாழ 95க்கு இந்தச் சலுகை தேவைப்படவே இல்லை. அந்தப் பிழை அச்சப்பட்ட அளவுக்குப் பெரிதாக இல்லை.

தோண்டிய அளவில் உள்ள ஏற்றத்தாழ்வு இதைவிடப் பெரிய பிழை. அதைத் திருத்தும் வழி எளியது: ஒவ்வொரு கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு 100 பொருளை எடுத்து, அவற்றில் எத்தனை வகை என்று மட்டும் எண்ணினால், கடையின் பெருமை கணக்கில் நுழையாது. உலகெங்குமிருந்து புதைபடிவத் தொகுப்புகளை ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து, ஜான் ஆல்ராய் தலைமையில் 35 பேர் இந்த முறையின் செம்மையான வடிவத்தைக் கொண்டு 2008ஆம் ஆண்டில் கோட்டை மறுபடி வரைந்தார்கள். கடைசி மலை வெகுவாகத் தாழ்ந்து, மிதமான மேடாக மாறிவிட்டது. பாடநூல் இன்னும் பழைய மலையையே அச்சிடுகிறது என்றால் மாணவனின் ஐயம் சரியானது, டீச்சர்.

ஆனால் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் வரும் பள்ளம், எத்தனை திருத்தம் செய்தாலும் மறையவில்லை. ஏடு கிழிந்த இடமாக இருந்தால் அங்கே பாறை இருக்கக் கூடாது. சீனாவின் மெய்ஷானில் எல்லைக்குக் கீழும் மேலும் கடற்படிவு தொடர்ச்சியாக இருக்கிறது. இடையிடையே எரிமலைச் சாம்பல் அடுக்குகள் கிடக்கின்றன. அவற்றிலுள்ள சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளைக் கொண்டு காலத்தை அளந்தபோது, அழிவின் முக்கியப் பகுதி சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குள், மிஞ்சிப் போனால் ஒரு லட்சம் ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குள் முடிந்துவிட்டது தெரிந்தது. அதே காலத்தில் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்து ஓடியது. கடலின் சிற்றினங்களில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் அழிந்தன என்பது இன்றைய மதிப்பீடுகளின் போக்கு. உடல் மூன்று மடலாகப் பிரிந்த பழங்கடல் உயிர்களான டிரைலோபைட்டுகளின் வரலாறு அங்கே முடிந்தது.

ஏடு கிழிந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புவோர் அரியலூருக்கே போகலாம். டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் அழிந்த, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எல்லை அந்த மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது கல்லமேடு மணற்பாறை, மேலே இருப்பது நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். கல்லமேட்டுப் பாறை உருவான நேரத்தில் கடல் பின்வாங்கிவிட்டிருந்தது. அது ஆற்றுப்படிவு, அதில் டைனோசர் எலும்பு கிடைக்கும், அம்மோனைட்டு கிடைக்காது. ஆகவே அரியலூரை மட்டும் பார்த்தவருக்கு அம்மோனைட்டுகள் எல்லைக்கு முன்பாகவே ஒழிந்துவிட்டன என்றுதான் தோன்றும். உண்மையில் அங்கிருந்து ஒழிந்தது கடல். 1860களில் இந்தப் பகுதியின் ஓடுகளை விரிவாக விவரித்த ஸ்டோலிச்சுக்காவின் காலத்தில் இப்படிப் பிரித்துப் பார்ப்பது கடினம். இன்று பல நாட்டுப் பாறைகளை ஒப்பிட்டுப் பிரித்துவிடுகிறோம். ஸ்பெயினின் சுமாயா கடற்கரைப் பாறையிலும் எல்லைக்குப் பல மீட்டர் கீழேயே அம்மோனைட்டுகள் நின்றுவிட்டதாக முதலில் தோன்றியது. பீட்டர் வார்டு ஆண்டுக்கணக்கில் அந்தப் பகுதியில் தேடத் தேட, கடைசி ஓடுகள் எல்லையை நெருங்கிக்கொண்டே வந்தன. அரிதான உயிரின் கடைசி எலும்பு அதன் கடைசி நாளுக்கு முன்பே படிந்திருக்கும் என்பதால், திடீர் அழிவுகூட மெல்ல நடந்தது போலத் தெரியும் என்று 1982இல் சிக்னரும் லிப்ஸும் எடுத்துக்காட்டியிருந்தார்கள்.

கல்லமேட்டைப் பற்றி ஒரு சிறு வருத்தம். 1987இல் அங்கிருந்து புருகத்காயோசாரஸ் என்ற மிகப்பெரிய டைனோசர் விவரிக்கப்பட்டது. அந்த எலும்புகள் இன்று இல்லை, உதிர்ந்து போயின. 6 கோடி ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் தாங்கியது, வெளியே வந்த பின் தாங்கவில்லை.

காரைக்குடி ஆசிரியை:

மிக்க நன்றி ஐயா. அந்தக் கோட்டை இனி வேறு விதமாக நடத்துவேன். ஒரு துணைக் கேள்வி: அழிவுகள் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அவை பரிணாமத்தின் போக்கை மாற்றுகின்றனவா, அல்லது தலைமுறைக்குத் தலைமுறை நடக்கும் இயற்கைத் தேர்வைச் சற்று விரைவுபடுத்துவது மட்டுந்தானா? "வலியவை தப்பின" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

விலங்கியல் ஆய்வு மாணவன், திருப்பத்தூர்:

டீச்சர், இந்த இழையிலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். புதைபடிவங்கள் இல்லாமல் இதற்கு விடை காணவே முடியாது. வாழும் உயிர்களை மட்டும் ஆராய்ந்தால் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரியும். தேர்வின் விதியே மாறிவிடும் நாள் எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஐயா குறிப்பிட்ட ஜப்லான்ஸ்கி 1986ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடலோரச் சமவெளிகளின் நத்தைகளையும் ஈரோட்டு உயிர்களையும் கொண்டு ஓர் ஒப்பீடு செய்தார். சாதாரணக் காலங்களில் சிற்றினம் பரந்து வாழ்வது, குஞ்சுகள் நீரில் மிதந்து தொலைவுக்குப் பரவுவது, ஒரு பேரினத்துக்குள் சிற்றினங்கள் அதிகமாக இருப்பது ஆகியவையெல்லாம் அழியாமல் காத்தன. 6.6 கோடி ஆண்டு எல்லையில் இவற்றில் எதுவும் உதவவில்லை. உதவியது ஒன்றுதான்: பேரினம் முழுவதுமாகச் சேர்த்துப் பார்க்கும்போது அது உலகில் எவ்வளவு பரந்து வாழ்ந்தது என்பது. தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செம்மைப்படுத்திய தகுதிகள் அன்று செல்லாக் காசாகிவிட்டன. ஆகவே பெரும் பரிணாமம் என்பது சிறு பரிணாமத்தைக் கோடி முறை கூட்டிய தொகை மட்டும் அன்று.

அம்மோனைட்டையும் அதன் தூரத்து உறவான, இன்றும் வாழும் நாட்டிலஸையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் அறை அறையாகப் பிரிந்த ஓடு உடையவை. இரண்டில் வளமாகக் கிளைத்தது அம்மோனைட்டுதான். பெர்மியன் முடிவில் ஒரு சில வழிகளாகச் சுருங்கி, ஓரிரு பத்து லட்சம் ஆண்டுகளிலேயே மீண்டும் பெருகிய வரலாறு அதற்கு உண்டு. டிரையாசிக் முடிவிலும் அப்படியே. நாட்டிலஸ் வழியினர் எண்ணிக்கையில் குறைந்தவர்கள், மாற்றத்தில் மெதுவானவர்கள். யார் பிழைப்பார்கள் என்று அன்றே பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நான் அம்மோனைட்டின் மேல்தான் கட்டியிருப்பேன். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து, கடல் மேற்பரப்பின் நுண்ணுயிர் உணவு வற்றியபோது அம்மோனைட்டுகள் போய்விட்டன, நாட்டிலஸ் இன்றும் நீந்துகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவே இருந்த அம்மோனைட்டுக் குஞ்சுகள் மேல்நீரில் மிதந்து அந்த நுண்ணுணவையே நம்பியிருந்தன என்பதும், நாட்டிலஸ் பெரிய முட்டையில் போதிய கருவுணவோடு குஞ்சை வளர்க்கிறது என்பதும் இதற்குப் பலர் ஏற்கும் விளக்கம். வலிமை இங்கே எங்கும் பேசப்படவில்லை, பாருங்கள்.

அழிவுக்குப் பின் வந்த பெருக்கமும் ஒரே நாளில் வரவில்லை. பெர்மியனுக்குப் பின் கடலடி வாழ்க்கை பழைய சிக்கல் நிலையை எட்டப் பல பத்து லட்சம் ஆண்டுகள் பிடித்தன. எல்லையைத் தாண்டி உயிரோடு வந்துவிட்டுச் சிறிது காலத்தில் சத்தமில்லாமல் மறைந்த குழுக்களும் பல. தப்பியது வேறு, தழைத்தது வேறு.

பள்ளத்தூர் வாசகர்:

கோட்டைப் பற்றிய என் எதிர்ப்பில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதி இடைநிலை உயிர்களைப் பற்றியது. இவ்வளவு துண்டு துண்டான பதிவில், ஒரு பெரும் குழு இன்னொன்றிலிருந்து வந்தது என்று சொல்வது ஊகந்தானே?

விலங்கியல் ஆய்வு மாணவன், திருப்பத்தூர்:

ஊகம் என்றால் அதைச் சோதிக்க முடிய வேண்டும் அல்லவா, ஐயா? மீனுக்கும் நான்கு கால் விலங்குகளுக்கும் இடைப்பட்ட உயிர் எந்தக் காலத்துப் பாறையில், எத்தகைய ஆற்றுப்படிவில் இருக்க வேண்டும் என்று கணித்துக்கொண்டு கனடாவின் வடகோடிக்குப் போனவர்களுக்கு 2004இல் டிக்டாலிக் கிடைத்தது: 37.5 கோடி ஆண்டு பழமை, மீன் செதில், அசையும் கழுத்து, துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பு. திமிங்கிலத்தின் கதை நம் துணைக்கண்டத்துக் கதை. காஷ்மீர்ப் பாறைகளில் கிடைத்த, பூனையளவு குளம்பு விலங்கான இண்டோகையஸின் காது எலும்பில் திமிங்கிலத்துக்கே உரிய தடிப்பு இருக்கிறது. கட்ச்சில் கால்களோடு கூடிய பழந்திமிங்கிலங்கள் கிடைத்துள்ளன.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் சிவகங்கைக் களிப்பாறைகளில் டைலோபில்லம் என்ற, ஈந்து (சைக்கஸ்) போன்ற தோற்றமுடைய இலைப்பதிவுகள் உண்டு. அவை 6.6 கோடி ஆண்டு எல்லையோடு முடிந்த கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவையாகக் கருதப்படுகின்றன. அந்தச் செடிக்குழு முழுவதும் இன்று உலகில் இல்லை. திருவக்கரையின் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழமையான கல்மரங்களுக்கு வந்தால், பூக்கும் தாவரங்களின் மரங்கள் நிறைந்திருக்கின்றன. பூ இல்லாத காட்டிலிருந்து பூக்கும் காட்டுக்கு மாறியதை, காலையில் சிவகங்கையில் புறப்பட்டால் இருட்டுவதற்குள் இரண்டு இடத்திலும் பார்த்துவிடலாம். பேருந்து கிடைத்தால்.

கொத்தனார் குடும்பம், ஆத்தங்குடி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சைச் சீர்செய்வது எங்கள் வேலை. அதற்காகத் தொண்டிப் பக்கத்திலிருந்து கிளிஞ்சல் வரவழைத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறோம். குவியலை அள்ளும்போது சில கிளிஞ்சல்களில் ஊசித் துளையிட்டது போல வட்டமான ஓட்டை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாலை கோக்க யாரோ துளைத்துவிட்டுப் போட்டது என்று என் அப்பா சொல்வார். இதற்கும் நீங்கள் பேசுவதற்கும் தொடர்பு உண்டா?

விலங்கியல் ஆய்வு மாணவன், திருப்பத்தூர்:

நிறையவே உண்டு, அண்ணன். அது ஒரு கொலையின் தடயம். மணலுக்குள் புதைந்து வேட்டையாடும் உருண்டை நத்தை ஒன்று கிளிஞ்சலைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து ஓட்டை இளக்கி, அரம் போன்ற நாவால் சுரண்டிச் சுரண்டித் துளைத்து, உள்ளே இருக்கும் சதையைத் தின்றுவிடும். யார் யாரைத் தின்றார்கள் என்பது கல்லில் பதிவாவது மிக அரிது. இந்தத் துளை அந்த அரிய பதிவுகளில் ஒன்று. மிகப் பழைய ஓடுகளிலும் துளைகள் அங்கங்கே உண்டு என்றாலும், கிரெட்டேசியத்தின் பிற்பகுதியிலிருந்துதான் அவை சாதாரணமாகின்றன. அதே காலப்போக்கில் ஓடுகள் தடிக்கின்றன, முள் முளைக்கின்றன, வாய் குறுகுகிறது, பல உயிர்கள் மணலுக்குள் ஆழமாகப் புதைந்துகொள்கின்றன. இந்த மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டி 1977இல் எழுதியவர் கீரட் வெர்மெய். அவர் மூன்று வயதிலேயே பார்வையை இழந்தவர். ஓடுகளை விரலால் தடவித் தடவியே ஆராய்ந்தவர்.

நீங்களும் விரலால் பார்த்துவிடலாம். அந்த நத்தை இட்ட துளை வெளிப்பக்கம் அகன்றும் உள்பக்கம் குறுகியும் கிண்ணம் போலச் சரிந்திருக்கும். நேர்க்குழாய் போல இருந்தால் முட்சங்கு வகையின் வேலையாக இருக்கலாம். விளிம்பு ஒழுங்கில்லாமல் சிறு சிறு பொத்தல்களாக இருந்தால், செத்த ஓட்டைக் கடற்பஞ்சு அரித்தது.

காரைக்குடி ஆசிரியை:

அண்ணன், சுடுவதற்கு முன் ஒரு கூடைக் கிளிஞ்சல் எங்கள் பள்ளிக்குக் கிடைக்குமா? இந்தச் சனிக்கிழமையே மாணவர்களோடு ஆத்தங்குடிக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம்.

கொத்தனார் குடும்பம், ஆத்தங்குடி:

தாராளமாக வாருங்கள் டீச்சர். துளை உள்ளதாகப் பார்த்து நானே பொறுக்கித் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன்.

பழம்பொருள் கடைக்காரர், காரைக்குடி:

ஐயையோ, பொறுக்காதீர்கள் அண்ணே. குவியலில் கூடையை அப்படியே கவிழ்த்து அள்ளிக் கொடுத்துவிடுங்கள். துளை இல்லாததையும் சேர்த்து எண்ணினால்தானே கணக்கு.